எந்த ஈயம்?

ஜனவரி 4, சனி

புது வருஷத்தின் முதல் குண்டு வார்ப்பு இன்று. கராஜ் கதவை மேலே தூக்கிவிட்டு, மின்விசிறியை வாசல் பக்கம் திருப்பி வைத்து, ஈயச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அச்சு சரியாகச் சூடேறாவிட்டால் குண்டு சுருக்கம் சுருக்கமாக விழும். அதிகம் சூடேறினால் மாவு பூசினதுபோல வெளுத்துவிடும். முதலில் விழுந்த ஒரு கை குண்டுகளைத் திரும்பச் சட்டியிலேயே போட்டேன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் தங்கம்! மடித்துப் போட்ட துண்டின் மேல் ஒவ்வொன்றாகப் பளபளவென்று விழும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

பாதியில் இவர் சமையலறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"என்ன நாத்தம் இது? வீடா, கொல்லுப் பட்டறையா?"

"மெழுகு போட்டுக் கசடு எடுக்கறேங்க. ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

"அம்பத்தெட்டு வயசுல பொம்பளைக்கு இது தேவையா கோதை?"

"எந்த வயசுல தேவைன்னு சொல்லுங்க, அதுவரைக்கும் காத்திருக்கேன்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. தியாகேசன் என்று பெயர் வைத்தால் மட்டும் போதுமா, கோபத்தைத் தியாகம் பண்ணத் தெரிய வேண்டாமா?

என் ரிவால்வருக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. கடையில் விற்கிற செம்பு உறை போட்ட குண்டு அதன் குழாயைத் தேய்த்துவிடும், அளவும் பொருந்தாது. அந்தக் காலத்தில் செய்த மாதிரி மெத்தென்ற ஈயக் குண்டுதான் அதற்கு ஒத்துக்கொள்ளும். இருபது பங்கு ஈயம், ஒரு பங்கு டின். டின் சேர்த்தால்தான் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிரம்பும். இதெல்லாம் லொரெய்ன் சொல்லிக் கொடுத்தது. இங்கே அமெரிக்காவில், டூசானில் நான் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தபோது அவள் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ரிவால்வரும் அவளிடம் வாங்கியதுதான். போன ஏப்ரலில், பழைய ரிவால்வர் போட்டி, பெண்கள் பிரிவில் என்னை ஒரே ஒரு புள்ளியில் அடித்ததும் அவள்தான். இந்த வருஷம் ஏப்ரல் 12. விடப்போவதில்லை.

என்ன கலவை, எத்தனை புள்ளி என்று எழுதிவைக்கத்தான் இந்த டைரியே வாங்கினேன். போகிற போக்கைப் பார்த்தால் இவரைப் பற்றியும் நிறைய எழுத வேண்டிவரும் போலிருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

இவருக்கு வயிறு சரியில்லை. என் கத்திரிக்காய்க் கூட்டுதான் காரணமாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில்தான் பொங்கிற்று, இருந்தாலும் கராஜ் வாசலில் நின்று "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினேன். எதிர்வீட்டு நாய் பதில் சொன்னது.

சாப்பாட்டில் சர்க்கரைப் பொங்கல் என்னுடையது, ரசம் இவருடையது. விமான நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல், ரசம் வைக்கும் உரிமையை இவர் எடுத்துக்கொண்டார். அதற்கென்று ஒரு ஈயச் சொம்பு. ரெண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனபோது இவருடைய அக்கா, என் நாத்தனார் அபயாம்பாள் அண்ணி, கும்பகோணத்தில் ஒரே கடையில் ஒரே மாதிரி ரெண்டு வாங்கி, ஒன்றை மாயவரத்தில் தன் வீட்டுக்கு வைத்துக்கொண்டு இன்னொன்றைத் தம்பிக்குக் கொடுத்தார். ஈயச் சொம்பில் தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பதால் என்னைத் தொடவே விடமாட்டார். நான் கராஜில் என்னத்தை உருக்குகிறேன் என்பது மறந்துவிடும் போல. ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமல் ராத்திரி முழுக்க அதிலேயே ஊறவிட்டு, மறுநாள் காலையில் சுடவைத்து டம்ளரில் ஊற்றிக் குடிப்பார். புளிப்பு ஏற ஏறத்தான் ருசியாம்.

நான் பிறந்ததிலிருந்து மோர்சாதக் கட்சி. ரசம் என்றால் காத தூரம் ஓடுவேன்.

அண்ணி போனில் வந்தார். நான் துப்பாக்கி தூக்குகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து அண்ணி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நான் பக்கத்திலேயே நின்றாலும் எல்லாம் தம்பி வழியாகத்தான் வரும்.

"பொங்கல் நல்லா இருந்துதான்னு அவளைக் கேளுடா."

"நல்லா இருந்துச்சு அண்ணி," என்றேன்.

"நல்லா இருந்துதாமா?" என்று மறுபடி இவரைக் கேட்டார்.

ஜனவரி 18, சனி

துப்பாக்கி கிளப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று! லொரெய்ன் தொண்ணூற்று ஒன்று. "காற்று அடித்தது," என்றாள். எனக்கும் அதே காற்றுதான் அடித்தது.

வீட்டுக்கு வந்தால் இவர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பால் வாங்கப் போனவர், எதற்குக் கிளம்பினோம் என்பதே மறந்து திரும்பி வந்துவிட்டாராம். கேட்டதற்கு என் மேல் எரிந்து விழுந்தார். ஓய்வு பெற்ற ஆண்களுக்கு மறப்பதற்கும் கோபப்படுவதற்கும் நேரம் நிறைய இருக்கிறது.

ஜனவரி 29, புதன்

மாட்டிக்கொண்டேன்.

வருஷாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது இவர் கூடவே வந்து, "இவ ஈயம் உருக்குறா டாக்டர், அதையும் பாருங்க," என்று போட்டுக்கொடுத்திருந்தார். இன்று முடிவு வந்தது. ரத்தத்தில் ஈயம் ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டுமாம். எனக்குப் பதினெட்டு.

டாக்டரம்மா அதட்டவில்லை. ஒரு மாதம் வார்ப்பதும் வேண்டாம், சுடுவதும் வேண்டாம், திரும்பப் பார்க்கலாம், இறங்கிவிடும் என்றார். இவர் காரில் ஏறினார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஒரு மாசம். எறங்கலைன்னா அந்தக் கருமாந்திரத்தை எல்லாம் வித்துடணும். ரிவால்வர், அச்சு, சட்டி எல்லாத்தையும்."

"எறங்கிடும்."

"எறங்கலைன்னா?"

"வித்துடறேன்," என்றேன். முப்பது வருஷமாக மற்றவர்கள் சம்பளப் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் நான். சாந்துப்பொட்டு அளவு வட்டத்தில் ஆறு குண்டையும் போட முடியும் என்று ஐம்பத்தைந்து வயதில்தான் தெரிந்தது. அதை விட்டுக்கொடு என்றால் என்ன செய்வது?

பிப்ரவரி 2, ஞாயிறு

கராஜ் பூட்டப்பட்டது. சாவி இவர் சட்டைப்பையில்.

விஷயம் மாயவரம்வரை போய்விட்டது. அண்ணி போனில் அரைமணி நேரம் பாட்டு.

"ஈயம் விஷம்னு அவகிட்ட சொல்லுடா. ரத்தத்துல கலந்தா எறங்கவே எறங்காதாம். பூண்டு நல்லா முறிக்குமாம். தெனம் ரெண்டு வேளை பூண்டு ரசம் வச்சுக் குடு. நம்ம ஈயச் சொம்புலயே வை, அப்பதான் உடம்புல ஒட்டும்."

"சரிக்கா," என்றார் இவர். உடனே பூண்டு உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 6, வியாழன்

பூண்டு ரசம். காலை ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிறேன். இவர் எதிரே நின்று டம்ளர் காலியாகும்வரை பார்க்கிறார். கல்யாணம் ஆன புதிதில்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

படுக்கையறையில் வெற்று ரிவால்வரை வைத்துக் குறிபார்த்துப் பழகினேன். குண்டும் இல்லை, தோட்டாவும் இல்லை, விசையைச் சீராக இழுப்பதற்குப் பழக்கம், அவ்வளவுதான். சுவரில் நாட்காட்டியின் பன்னிரண்டாம் தேதிக் கட்டம்தான் இலக்கு. இவர் துணி மடிக்க வந்தவர் அலறிவிட்டார்.

"சுடாத துப்பாக்கிக்கு என்னங்க பயம்?"

"சுடற பொம்பளைக்குத்தான் பயம்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இவருக்கும் வந்தது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தால் சுருக்கென்கிறதாம். "ரெண்டு வேளையும் நாலு டம்ளர் ரசத்தைக் கவுத்துக்கிட்டா வேற என்ன ஆகும்?" என்றேன். டாக்டரிடம் போகலாம் என்றால் கேட்பதில்லை.

பிப்ரவரி 22, சனி

லொரெய்ன் கிளப்பிலிருந்து படம் அனுப்பியிருக்கிறாள். அவளுடைய இலக்குத்தாள், நடுவில் ஒரே ஓட்டையாக. கீழே, "நீ இல்லாமல் சுடுவதில் சுவாரஸ்யமே இல்லை," என்று எழுதியிருக்கிறாள். பொய். பல்லைக் காட்டிக்கொண்டுதான் எழுதியிருப்பாள்.

எனக்கும் இப்போது வயிறு கடமுடவென்கிறது. பூண்டு வேலை செய்கிறது என்கிறார் இவர்.

மார்ச் 3, திங்கள்

இருபத்தேழு.

இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. டாக்டரம்மா இருமுறை கேட்டார், வார்த்தீர்களா, சுட்டீர்களா என்று. இல்லை என்றேன். மூன்றாவது முறை கேட்கவில்லை, ஆனால் கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தது.

"எத்தனை தடவை கராஜுக்குப் போனே?"

"சாவி உங்க பையில இருக்கு. நான் எப்படிப் போவேன்?"

"இன்னொரு சாவி இருக்கும். உனக்குத் தெரியாத வழியா? பூட்டுப் போட்டா அடங்கிடுவியா நீ?"

"நான் போகலைங்க. சத்தியமா போகலை."

"காது குத்தாதே கோதை. ரத்தம் பொய் சொல்லுமா?"

முப்பத்திரண்டு வருஷத்தில் இவர் என்னிடம் கத்தியிருக்கிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், என் சமையலைக் குறை சொல்லியிருக்கிறார். பொய் சொல்கிறாய் என்று சொன்னதில்லை. அதுதான் தாங்கவில்லை. நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதையெல்லாம் எழுதப்போவதில்லை.

மார்ச் 5, புதன்

பேச்சுவார்த்தை இல்லை. ரசம் மட்டும் வேளை தவறாமல் வருகிறது. நானும் குடித்துவிடுகிறேன்.

மார்ச் 8, சனி

லொரெய்ன் நேரில் வந்தாள். நான் சொன்னதை அப்படியே நம்பினாள். "நீ பொய் சொல்ல வேண்டுமென்றால் உன் புள்ளிக்கணக்கில்தான் சொல்லியிருப்பாய்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள். வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரே, அவரைச் சோதித்தீர்களா? ஈயத்தூள் துணியில், செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருமாம். கிளப்பில் ஒருவர் மனைவிக்கு அப்படி ஆகியிருக்கிறது.

இவர் அப்போது எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார். தட்டு சாய்ந்து ஒரு டம்ளர் தரையில் விழுந்தது. போன வாரம்கூட ஒன்று விழுந்தது. கோபத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"திங்கட்கிழமை நீங்களும் டாக்டர்கிட்ட வர்றீங்க," என்றேன். ஐந்து நாளுக்குப் பிறகு பேசிய முதல் வார்த்தை.

"எனக்கு என்ன? நானா ஈயம் உருக்கறேன்?"

"வர்றீங்க."

மார்ச் 13, வியாழன்

அறுபத்தொன்று. இவருக்கு.

டாக்டரம்மாவே போன் செய்து உடனே வரச் சொன்னார். இவரைக் கையை நீட்டி மணிக்கட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னார். ஈயம் அதிகமானால் கை நரம்பு செத்து மணிக்கட்டு தொங்கிவிடுமாம், இவருக்கு இன்னும் அந்த அளவு போகவில்லையாம். மாத்திரை எழுதினார். டப்பாவைத் திறந்தால் அழுகின முட்டை வாடை. இவர் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

வயிற்றுவலி, மறதி, எரிச்சல், கை நடுக்கம். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க இவர் தலையாட்டினார். எல்லாவற்றையும் நான் கேலி செய்து இதே டைரியில் எழுதியிருக்கிறேன்.

என் துணியில் ஒட்டி வந்த தூள். என் செருப்பு. நான்தான் இவருக்கு இதைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சாவியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். கராஜுக்குள் போய் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். அச்சு, சட்டி, கரண்டி, வார்த்துவைத்த குண்டுகள், கடைசியில் படுக்கையறையிலிருந்த ரிவால்வர். கண்ணெல்லாம் ஒரே எரிச்சல். இத்தனை நாள் பூட்டிக் கிடந்ததில் தூசி.

மார்ச் 14, வெள்ளி

லொரெய்ன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். விலை பேச மறுத்தாள். "பத்திரமாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்," என்றாள். வேண்டாம், போட்டியில் வேறு யாருக்காவது கொடு என்றேன்.

தரையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். திரைச்சீலை, போர்வை, என் சட்டைகள் எல்லாம் தனியாகத் துவைத்தேன். இவர் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு கோதை. நீ வேணும்னா செஞ்சே?"

இதற்குத் திட்டியே இருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்தாள். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் வீட்டில் எல்லாவற்றையும் விசாரிப்பார்களாம். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். குண்டு வார்ப்பது பற்றி நானே முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டேன். அவள் சரி என்று குறித்துக்கொண்டு, அதோடு விடவில்லை. குங்குமம் வைப்பீர்களா, கண்மை உண்டா, ஊரிலிருந்து வந்த லேகியம் சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று இவர். எந்தப் பாத்திரத்தில் சமைக்கிறீர்கள்? எவர்சில்வர், என்றார் இவர், அப்புறம் ரசத்துக்கு மட்டும் ஒரு விசேஷப் பாத்திரம், டின்னில் செய்தது.

உங்கள் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று கேட்டாள் அவள்.

"ஈயம்," என்றார் இவர், பெருமையாக. எனக்கும் ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சொன்னார். "ஈயச் சொம்புதானே கோதை?"

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரை நிறுத்தினேன்.

கராஜில் நான் ஈயம் என்றால் குண்டு வார்க்கிற காரீயம். வெள்ளீயத்தை நான் டின் என்றே சொல்லிப் பழகிவிட்டேன், லொரெய்ன் வாய்ச்சொல் ஒட்டிக்கொண்டது. சமையலறையில் ஈயம் என்றால் வெள்ளீயம், அது நல்லது, பரம்பரையாகச் சமைக்கிறது. ஒரே வீட்டில், ஒரே வாயில், ரெண்டுக்கும் ஒரே பெயர். எந்த ஈயம் என்று இத்தனை நாளில் நாங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொள்ளவே இல்லை.

சொம்பில் நேற்று வைத்த ரசம் இருந்தது. அதைக் கவிழ்த்துக் கழுவித் துடைத்தேன்.

"ஏய், ரசத்தை ஏன் கொட்டறே?"

ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் டின் குவளைகள் கிடைக்கும், என் கலவைக்காகத் தேடி வாங்குவேன். நல்ல டின்னா, காரீயம் கலந்ததா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. குவளையின் விளிம்பை வெள்ளைத்தாளில் உரசினால் போதும். நல்ல டின் கோடு போடாது. காரீயம் கலந்திருந்தால் பென்சில் மாதிரி எழுதும். எழுதுகிற குவளையைத் திரும்ப வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மின்சார பில் வந்த உறையின் பின்பக்கத்தில் சொம்பின் விளிம்பை வைத்து இழுத்தேன். கன்னங்கரேலென்று ஒரு கோடு விழுந்தது. இன்னொன்று இழுத்தேன். அதுவும் விழுந்தது. கோலமே போடலாம் போலிருந்தது.

முதலில் என்ன தோன்றியது என்று உள்ளபடி எழுதுகிறேன். நான் இல்லை, நான் இல்லை என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தேன். சந்தையில் ஊரான் வீட்டுக் குவளையை எல்லாம் உரசிப் பார்க்கிறேன், என் வீட்டு அடுப்பில் இருப்பதை ஒரு தடவை உரசிப் பார்த்தேனா? என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இவர் நர்ஸிடம் பிறகு பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். உறையைக் காட்டிச் சொன்னேன்.

"அக்கா வாங்கிக் குடுத்தது," என்றார். "அக்கா கையால வாங்கிக் குடுத்தது கோதை."

"அண்ணிக்கு மட்டும் எப்படிங்க தெரியும்? கடைக்காரன் ஈயம்னான், ஈயம்னு வாங்கினாங்க."

என் கையிலிருந்து சொம்பை வாங்கித் தானே ஒரு கோடு போட்டார். அதைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வேளையும் உனக்கு ஊத்திக் குடுத்தேனே. எதிர்ல நின்னு குடிக்க வச்சேனே. பொய் சொல்றேன்னு வேற சொன்னேன்."

அறுபத்துநாலு வயசு மனிதர் தேம்பித் தேம்பி அழுதால் என்ன செய்வது?

"யாரு குடிச்சா? அந்த ரசத்தை மனுஷி குடிப்பாளா? நீங்க அந்தப் பக்கம் திரும்பினதும் செடிக்கு ஊத்திட்டேன்," என்றேன்.

"நெசமாவா?"

"அந்தச் செடியைப் பாருங்க, எப்படி வாடிப்போயிருக்குன்னு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன் என்பதை இவருக்குச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நர்ஸ் நேரில் வந்து சொம்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். பரிசோதனைக்கூடம் உறுதி செய்ய ஒரு வாரம் ஆகுமாம். அவள் கையில் ஒரு கருவி வைத்திருந்தாள், அதைச் சொம்பில் வைத்துப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினாள். "நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டாள். உறையைக் காட்டினேன். அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

இவர் மத்தியானம் லொரெய்னுக்கு அவரே போன் செய்து, பெட்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். "வெளியே கொல்லையில, காத்தாட வச்சு உருக்கு. மூக்குக்கு முகமூடி போட்டுக்கோ. அந்தத் துணியோட உள்ள வராதே," என்று எனக்கு மூன்று கட்டளை. சட்டமெல்லாம் போடட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் டாக்டரம்மா சொல்லும்வரை எதையும் தொடப்போவதில்லை. ஏப்ரலில் லொரெய்ன் தனியாகச் சுட்டுத் தனியாக ஜெயிக்கட்டும்.

இன்னொரு வேலை பாக்கி. அதே கடை, அதே நாள், அதே மாதிரி இன்னொரு சொம்பு.

"அக்காவுக்குப் போன் பண்ணுங்க," என்றேன்.

"ரிசல்ட் வரட்டும் கோதை. அது மனசு என்ன பாடுபடும்? தம்பிக்கு விஷத்தை வாங்கிக் குடுத்தேன்னு உக்காந்து அழும்."

"அழட்டுங்க. இன்னைக்கும் அதுலதானே ரசம் கொதிக்குது?"

இங்கே சாயங்காலம், மாயவரத்தில் விடிந்திருந்தது. அண்ணி கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரையில் வந்தார். இவர் மென்று மென்று விழுங்கினார், கடைசியில் ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

"என்னடா உளர்றே?" என்றார் அண்ணி. "அவ துப்பாக்கியை விடாம இருக்கறதுக்கு என் சொம்புமேல பழி போடணுமா? வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு. அதுவா விஷம்?"

"ஒரு காகிதத்துல உரசிப் பாருக்கா. எனக்காக."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்ச் சொம்பைக் கொண்டுவந்தார். தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தார். ஒரு கையில் போன், ஒரு கையில் சொம்பு, தாள் நழுவியது. "என்னங்க, இங்க வாங்க, இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க," என்று கூப்பிட்டார். அண்ணியின் கணவர் சுந்தரேச அண்ணன் வந்து மேஜையருகே உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கித்தான் மேஜைமேல் வைத்தார். விரல்கள் தாளை அமுக்க முயன்றன, மணிக்கட்டு எழும்பவேயில்லை. தொங்கிக்கொண்டிருந்தது.

நான் இவரைப் பார்த்தேன். இவரும் பார்த்துவிட்டார்.

"அத்தான் கைக்கு என்னக்கா?" என்று கேட்டார் இவர்.

"வயசாயிடுச்சுல்லடா. நரம்புத் தளர்ச்சியாம். தீபாவளியில இருந்து ஊசி போட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். நீ வேற அங்க கவலைப்படுவேன்னு சொல்லலை." பேசிக்கொண்டே அண்ணி சொம்பை இழுத்தார். சர்ரென்று சத்தம் கேட்டது.

"கோடு விழுதுடா," என்றார்.

இன்னொரு தடவை இழுத்தார். அண்ணி தாளைப் பார்த்தார், பக்கத்தில் கிடந்த கையைப் பார்த்தார். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "காப்பி ஆறுது அபயம்," என்றார்.

"நீ நகருடா," என்றார் அண்ணி. "கோதைகிட்ட குடு போனை. அவளுக்குத்தான் ஈயம் தெரியும்."

வாங்கிக்கொண்டேன். திரை முழுக்க அண்ணியின் முகம். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னை நேராகப் பார்த்தது.

"கோதை. உங்கண்ணன் கை பழையபடி வருமா?"

வரும் என்றோ வராது என்றோ டாக்டரம்மா எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

"வரும் அண்ணி," என்றேன். "மொதல்ல அந்தச் சொம்பை அடுப்பங்கரையிலேருந்து வெளில எடுத்து வைங்க. இன்னைக்கே ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துட்டு வந்துடுங்க. எங்க போகணும், என்ன கேக்கணும்னு சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்," என்றார் அண்ணி. கோடு விழுந்த தாளைத் திருப்பிப் போட்டு, அதன் மறுபக்கத்தில் நான் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்தார்.